மவுஸ் பிடித்த கை

ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, திருச்சியில் முதல் செஸ் போட்டிக்குப் போகிற பிள்ளைகளைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். ஆன்லைனில் ரேட்டிங் பிரமாதமாக இருக்கும். மண்டபத்தில் உட்கார்ந்ததும் அவர்களைக் கவிழ்ப்பது சொந்தக் கைதான்.

முதலில் கண்ணைப் பழக்க, சுருட்டி வைக்கிற வினைல் போர்டும் முழு அளவுக் காய்களும் வாங்குங்கள். ராஜாவின் உயரம் சுமார் ஒன்பதரை சென்டிமீட்டர். காந்தச் செட் பஸ்ஸுக்குத்தான் லாயக்கு. ஒரு வாரம் திண்ணையில் தாத்தாவோடு ஆடுங்கள், கண் பழகிவிடும். அதுவரை தூரத்து மூலையில் நிற்கும் பிஷப்பைக் கோட்டைவிடுவீர்கள்.

இனி கை. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆக வேண்டும். 2016 மாஸ்கோ கேண்டிடேட்ஸ் போட்டியில், மின்னல் வேக ஆட்டத்துக்குப் பேர்போன நகமுராவே ஆரோனியனிடம் ராஜாவைத் தொட்டுவிட்டு, சரிசெய்வதாகச் சொல்லிப் பார்த்தார். ஆரோனியன் விடவில்லை. நகமுரா ராஜாவை நகர்த்தித் தோற்றார். காய் கோணலாக இருந்தால், உங்கள் முறை வந்ததும் முதலில் வாயால் 'அட்ஜஸ்ட்' சொல்லுங்கள், அப்புறம் விரல். கோட்டை கட்டும்போது ராஜாவை முதலில் தொடுங்கள், அதுவும் ஒரே கையால். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவுக்குப் போனால் அந்தப் பக்கம் கோட்டை கிடையாது. என் விதி: யோசிக்கும்போது இரண்டு கையும் தொடைக்கடியில். பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

கடைசிக் கட்டத்தில் சிப்பாய் தானாக ராணியாகாது. ராணியை எடுத்து வைத்த பிறகுதான் கிளாக்கை அழுத்த வேண்டும். கைவசம் ராணி இல்லையா? கிளாக்கை நிறுத்தி ஆர்பிட்டரை, அதாவது நடுவரைக் கூப்பிடுங்கள். யானையைத் தலைகீழாக வைத்து 'ராணி' என்பது வீட்டு வழக்கம். போட்டியில் அது யானைதான்.

கிளாக்கை, காயை நகர்த்திய கையாலேயே அழுத்துங்கள். நகர்த்தலை, நகர்த்திய பிறகே தாளில் எழுதுங்கள். முன்கூட்டியே எழுதி வைக்கக் கூடாது. எழுதிப் பழக, மாயவரத்தில் பிறந்த ஆனந்தின் ஆட்டம் ஒன்றை தினமும் பலகையில் ஆடிப் பாருங்கள்.

போனை வெளியே அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள். பையில் இருந்தாலே ஆட்டம் பறிபோகலாம். திரும்பும்போது பஸ் நேரம் பார்க்க வேண்டுமே என்கிறார்கள். ஒண்ணாம் நம்பர் அடிக்கடி வரும்.