உங்கள் மரபணுப் பட்டியலில் ‘2-செப்’ இருக்கிறதா?

ஒரு சின்ன சோதனையோடு ஆரம்பிப்போம். எக்செலைத் திறந்து, ஒரு கட்டத்தில் செப்டம்பர் மாதத்தின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். இடைவெளி விடாமல் 2 சேர்த்து என்டர் அடியுங்கள். நீங்கள் தட்டியது அங்கே இருக்காது. ‘2-செப்’ என்று ஒரு தேதி உட்கார்ந்திருக்கும்.

கடைக்கணக்கு எழுதுபவருக்கு இது உதவிதான். ஆனால் ‘செப்ட்2’ என்பது மனித மரபணு ஒன்றின் பெயர். உயிரியல் ஆய்வு மாணவர் ஒருவரின் பட்டியலில் இந்த மாற்றம் நடந்தால், அந்த மரபணு பட்டியலிலிருந்தே காணாமல் போகிறது.

“கட்டத்தின் வகையை ‘டெக்ஸ்ட்’னு மாத்திட்டா சரியாயிடுமே?” என்று கேட்பீர்கள். மாற்றிப் பாருங்கள். பெயர் திரும்பாது, 45537 போல ஓர் எண் வரும். எக்செல் தேதிகளை 1900 ஜனவரி 1 முதலான நாள் எண்ணிக்கையாகச் சேமிக்கிறது. 45537 என்றால் 2024 செப்டம்பர் 2. இன்னொரு சிக்கலும் உண்டு. ‘மார்ச்1’, ‘மார்க்1’ என இரண்டு வெவ்வேறு மரபணுக்கள் இருந்தன. இரண்டுமே ‘1-மார்’ ஆகிவிடும். எது எதுவென்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 2004-லேயே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியல்களை எக்செல் கோப்பாக இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்தபோது, சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. 2020-ல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது: செப்ட்2 ‘செப்டின்2’ ஆனது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாற வேண்டியிருந்தது! இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் கொண்டுவந்தது. அதையும் நாமே போய் நிறுத்த வேண்டும்.

ஆய்வகத்துக்கு வெளியேயும் இப்படி நடக்கும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் தினசரிக் கணக்கில் விடுபட்டன. பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. மிச்சம் வெட்டுப்பட்டுப் போனது. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி அதனால் தாமதமானது.

உயிர்த் தகவலியல் பயிலரங்குகள் எதற்கு என்று கேட்டால், நான் முதலில் சொல்வது இதைத்தான். இதழியல் படித்த எனக்கு, பயிலரங்கு என்றால் ஏதோ பெரிய மென்பொருளைக் கற்றுத்தரும் இடம் என்றுதான் எண்ணம். நல்ல பயிலரங்கின் முதல் நாள் பெரும்பாலும் கோப்புகளிலேயே போகிறது. மூலத் தரவை எப்படித் தொடாமல் வைப்பது, கோப்புக்கு எப்படிப் பெயரிடுவது, ஒரு கட்டத்தில் ஒரு தகவல் மட்டும் எழுதுவது... கேட்க சாதாரணமாக இருக்கும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு பயிற்சியைப் பாருங்கள். மரபணு வரிசைப்படுத்தும் இயந்திரம் தரும் ‘ஃபாஸ்ட்க்யூ’ கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் நான்கு வரிகள்: அடையாளம், எழுத்து வரிசை, ஒரு கூட்டல் குறி, தரக் குறியீடு. கோப்பில் மொத்தம் எத்தனை வரி என்று ஒரே கட்டளையில் எண்ணி, நான்கால் வகுங்கள். மீதி வந்தால் கோப்பு முழுதாக இறங்கவில்லை என்று சந்தேகப்படலாம். மீதி வராவிட்டாலும் கோப்பு சரி என்று உறுதியாகிவிடாது. அதற்குச் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட வேண்டும். தரக் குறியீட்டில் 30 என்றால், அந்த எழுத்து தவறாக இருக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. இதெல்லாம் புரிந்தபிறகுதான் மென்பொருள் பொத்தானை அழுத்துவதில் அர்த்தம் இருக்கிறது.

உலகெங்கும் இப்பயிற்சியை நடத்தும் ‘கார்பென்ட்ரீஸ்’ அமைப்பின் வேர் 1998-ல் தொடங்கியது. அவர்களின் பாடங்கள் இணையத்தில் இலவசம். பெரும்பாலும் இரண்டு நாள் பயிற்சி. பங்கேற்பவர்களுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் தருவார்கள். முடித்துவிட்டால் ஒரு நிறம், மாட்டிக்கொண்டால் இன்னொரு நிறம். மடிக்கணினி மேல் ஒட்டினால் போதும், உதவியாளர் வந்துவிடுவார். கை தூக்கக் கூச்சப்படும் நம்ம ஊர் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. மென்பொருள் நிறுவவே வசதியில்லாதவர்கள் ‘கேலக்ஸி’ தளத்தில், உலாவியிலேயே பகுப்பாய்வு செய்து பழகலாம், அதுவும் இலவசம்.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 1980-களின் பிற்பகுதியிலேயே உயிர்த் தகவலியல் மையங்களின் வலைப்பின்னலைத் தொடங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதில் இடம்பெற்ற ஒன்று. நம் ஆய்வாளர்களின் தரவுகளைச் சேமிக்க ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது.

பணம் கட்டிச் சேரும் முன் கொஞ்சம் விசாரியுங்கள். இரண்டு மணி நேர இணைய உரைக்கு ‘தேசியப் பயிலரங்கு’ என்று பெயர் வைத்து, சான்றிதழை மட்டும் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டும் மாணவருக்கு அந்தக் கட்டணம் சின்னத் தொகை இல்லை. எத்தனை பேருக்கு ஓர் உதவியாளர்? ஒவ்வொருவரும் தம் கையால் செய்வார்களா? பயிற்சிக்கான தரவு பிறகும் நமக்குக் கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் வராவிட்டால் யோசியுங்கள். எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்ற பட்டியலை முன்கூட்டியே அனுப்பும் பயிலரங்கை நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். அந்தப் பட்டியல் வந்தால் முதல் நாளே நிறுவிவிட்டுப் போங்க. அரங்கில் நாற்பது பேர் ஒரே வைஃபையில் பதிவிறக்கினால் காலை முழுக்க அதிலேயே போய்விடும்.

அதுவரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மரபணுப் பட்டியல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். எக்செலின் ‘டேட்டா’ பட்டியலில் போய், கோப்பை உள்ளே கொண்டுவரும் வசதியைத் தேர்ந்து, பெயர்கள் உள்ள நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துத் திறங்கள். பிறகு உங்கள் பழைய கோப்புகளைத் திறந்து பெயர் நெடுவரிசையை அகர வரிசைப்படுத்துங்கள். தேதிகள் இருந்தால் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.