ஹாக்கியில் கோல் வாய்ப்பு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கி 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 அணிகள் ஆடின. நம் பண்ணைப்புரத்திலிருந்து தேனி வழியாக பஸ் ஏறினால் மதுரை. உலகத் தரமான ஆட்டம் அவ்வளவு பக்கத்தில் வந்து போயிருக்கிறது. ஆனால் நம் ஊர் மைதான ஓரங்களில் இன்னும் காதில் விழுவது பழைய வாய்ப்பாடுதான்: “கிடைச்சா அடி, போச்சுன்னா ஓடியா!” ஹாக்கி மட்டை பிடிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இது போதாது. கோல் வாய்ப்பு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

நம்பிக்கை 1: பந்தை அதிக நேரம் வைத்திருக்கும் அணிக்குத்தான் கோல் விழும்.

உண்மை: எதிரணியை இடம்பெயர வைத்தால்தான் பந்து கையில் இருப்பதற்குப் பலன்.

2023 ஆகஸ்ட் 4 அன்று சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி லீக் ஆட்டம். ஜப்பானுக்கு எதிராக இந்தியாவுக்கு 15 பெனால்டி கார்னர்கள் கிடைத்தன. கோலானது ஒன்றே ஒன்று. ஆட்டம் 1-1 என முடிந்தது. ஜப்பானின் கோலுக்கு முன்னாலுள்ள வட்டத்துக்குள் இந்தியா திரும்பத் திரும்ப நுழைந்திருக்கிறது. இல்லாவிட்டால் இத்தனை கார்னர் வராது. ஆனால் பெனால்டி கார்னர் என்பது எதிரணி தயாராக நிற்கும் நேரம். கோல்கீப்பரோடு சேர்த்து 5 பேர் கோட்டுக்குப் பின்னால் காத்திருந்து பாய்கிறார்கள். யார் எங்கே ஓட வேண்டும் என்பதை முன்பே பேசி வைத்திருப்பார்கள்.

ஒரே வாரம் கழித்து, ஆகஸ்ட் 11 அரையிறுதியில், அதே ஜப்பானை அதே மைதானத்தில் இந்தியா 5-0 என வென்றது. அந்த ஐந்தில் நான்கு பீல்டு கோல்கள், அதாவது கார்னரில் அல்லாமல் ஆட்டத்தின் ஓட்டத்தில் விழுந்தவை. 30-வது நிமிடத்தில் மன்பிரீத் சிங் பந்தோடு தடுப்பாட்டக்காரர்களைக் கடந்து உள்ளே போய்க் கொடுத்த பாஸை மன்தீப் சிங் கோலாக்கினார். ஒருவர் பந்தோடு உள்ளே வந்தால் அவரை மறிக்க யாராவது தன் இடத்தை விட்டு வந்தாக வேண்டும். அப்படிக் காலியாகும் இடம்தான் வாய்ப்பு. பின்வரிசையில் இடமும் வலமுமாகப் பந்தை நகர்த்துவதும் இதற்காகத்தான். எதிரணி வரிசை பக்கவாட்டில் நகரும்போது இருவருக்கு நடுவே ஒரு சந்து திறக்கும். அந்த நொடியில் பாஸ் போகவில்லை என்றால் அதுவரை வைத்திருந்தது வீண்.

நம்பிக்கை 2: பந்து கிடைத்ததும் ஓங்கி முன்னால் அடித்துவிட வேண்டும்.

உண்மை: அடித்துவிட்டுத் துரத்துவதைவிட, பந்தைக் கைவசம் வைத்தபடி எதிரணிப் பகுதிக்குள் நுழைவது பலமடங்கு பயன் தரும்.

இதை எண்ணிப் பார்த்துச் சொன்னவர்கள் ஐஸ் ஹாக்கிக்காரர்கள். அங்கே பந்துக்குப் பதில் ‘பக்’ எனும் ரப்பர் தட்டு. எதிரணிப் பகுதியின் எல்லையாக ஒரு நீலக்கோடு. பக்கை அடித்து உள்ளே தள்ளிவிட்டுத் துரத்துவதுதான் பாதுகாப்பான வழி என்று பல காலம் நம்பினார்கள். எரிக் டல்ஸ்கி என்ற அறிவியல் ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் நீலக்கோட்டைக் கடந்த ஒவ்வொரு நுழைவையும் குறித்துவைத்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். கைவசம் வைத்துக்கொண்டு நுழைந்தபோது கிடைத்த ஷாட்கள், அடித்துவிட்டு நுழைந்தபோது கிடைத்தவற்றைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதே டல்ஸ்கி 2024-ல் கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் பொது மேலாளர் ஆனார்.

நம் ஹாக்கியில் இதன் வேர் முதல் தொடுதலில் இருக்கிறது. பந்து வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட வேண்டும். பாதங்கள் பக்கவாட்டுக் கோட்டை நோக்கி இருக்க, பாதி உடம்பு எதிர் கோல் பக்கம் திறந்திருக்க வேண்டும். மட்டையின் கைப்பிடியைச் சற்று முன்னால் சாய்த்தால் பந்து எம்பாமல் அடங்கும். வலது பாதத்துக்கு ஓரடி முன்னால் நிற்கும். அடுத்த அடியே முன்னோக்கி வைக்கலாம். முதுகைக் காட்டி வாங்குகிறவன் திரும்புவதற்குள் எதிராளி வந்து நின்றுவிடுவான். மண் தரையில் பந்து துள்ளுவதால் இது கடினம்தான். ஒரு துண்டு இடத்தையாவது கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சமன்செய்து கொடுத்துப் பழக்கலாம்.

நம்பிக்கை 3: கவுன்ட்டர் அட்டாக் என்றால் வேகமாக ஓடும் ஒரே ஆள்.

உண்மை: பந்தைப் பறித்த கணத்தில் எதிரணி சிதறி நிற்பதுதான் அதன் பலம். தாக்கப் போகும் நினைப்பில் அகலமாக விரிந்து நிற்பவர்கள் ஒடுங்கிக் கூடுவதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நொடிகளுக்குள் முதல் பாஸ் முன்னோக்கிப் போக வேண்டும். பந்தில்லாத இருவர் இரு ஓரமும் விரிந்து ஓட வேண்டும்.

அதே ஆசிய சாம்பியன்ஸ் டிராபியின் ஆகஸ்ட் 12 இறுதி ஆட்டத்தில் மலேசியாவிடம் இந்தியா 1-3 எனப் பின்தங்கியிருந்தது. மூன்றாம் கால்பகுதியின் கடைசி நிமிடத்தில் ஹர்மன்பிரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக்கில் ஒரு கோல் போட்டார். விதிப்படி, கோல் வாங்கிய மலேசியாதான் மையத்திலிருந்து பந்தைத் தொடங்கியது. பந்து அவர்களிடம், நேரமோ முடியப்போகிறது. அந்தப் பந்து கைமாறி, அதே நிமிடத்துக்குள் குர்ஜந்த் சிங்கின் பீல்டு கோலாக முடிந்தது. 56-வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் அடித்த கோலில் கோப்பை 4-3 என இந்தியாவுக்கு வந்தது.

நம்பிக்கை 4: பந்து பறிபோனால் எல்லோரும் நம் கோலுக்கு ஓடி வர வேண்டும்.

உண்மை: பறிபோன இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் உடனே நெருக்க வேண்டும், மற்றவர்கள் பாஸ் போகும் வழிகளை மறிக்க வேண்டும். மைதானத்தின் நீளம் 91.4 மீட்டர். கோல் செல்லுபடியாக, பந்து வட்டத்துக்குள் தாக்கும் அணியின் மட்டையில் பட்டாக வேண்டும். எதிரணியின் 23 மீட்டர் கோட்டருகே பந்தைப் பறித்தால் வட்டம் கூப்பிடு தூரம். நம் வட்டத்தருகே பறித்தால் மைதானத்தின் பெரும்பகுதியைக் கடக்க வேண்டும். எங்கே பறிக்கிறோம் என்பது பாதி வாய்ப்பைத் தீர்மானிக்கிறது.

நம்பிக்கை 5: கோல் போட்டவன்தான் ஆட்டக்காரன்.

உண்மை: அரியலூர்க்காரரான கார்த்தி செல்வம், கோவில்பட்டியில் பயிற்சி பெற்று இந்திய அணிக்கு வந்தவர். ஜப்பானுக்கு எதிரான அந்த அரையிறுதியில் ஐந்தாவது கோல் அவருடையது. பாஸ் கொடுத்தவர் சுக்ஜீத் சிங். கோல் கணக்கில் ஒரு பெயர்தான் ஏறும். ஆனால் பறித்தவர், முதல் பாஸ் கொடுத்தவர், பந்து வராது என்று தெரிந்தும் ஓடி ஒரு எதிராளியைக் கூடவே இழுத்துப் போனவர், இவர்கள் இல்லாமல் அந்தப் பெயர் ஏறாது. வீடு திரும்பும் பிள்ளையிடம் “எத்தனை கோல் போட்ட?” என்று கேட்பதோடு, “எத்தனை பந்து பறிச்ச? யாருக்குக் கொடுத்த?” என்றும் கேளுங்கள்.

உடற்கல்வி ஆசிரியர்கள் நாளைக்கே செய்து பார்க்க ஒரு பயிற்சி: பாதி மைதானத்தில் பக்கத்துக்கு 4 பேர். சாதாரண கோலுக்கு ஒரு புள்ளி. பந்தைப் பறித்த பத்து நொடிக்குள் போட்ட கோலுக்கு மூன்று. அந்தப் பாதியின் நடுவைத் தாண்டி ஓங்கி அடித்துத் துரத்தினால் பந்து எதிரணிக்கு. பத்து நொடியை வெளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சத்தமாக எண்ணட்டும். பறித்ததும் தலையைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் அந்த எண்ணிக்கையிலேயே வரும்.