ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரும் குடும்ப முதலும்

1942-ல் ஸிங்கப்பூர் வீழ்ந்து அந்நியச் சரக்கு வருவது நின்றபின், சேலம் ஜில்லாவில் ஜவ்வரிசித் தொழில் வேரூன்றிற்று. இன்றும் இவ்வாலைகளுள் பல, தகப்பனும் பிள்ளைகளும் சகோதரர்களும் கூடி நடத்தும் குடும்பச் சொத்துக்களேயாம்.

மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்து, கழுவி, அரைத்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுவதற்கு ஏராளமான நீர் செலவாகிறது. வெளியேறும் நீரில் மாவுச்சத்தும், கிழங்கிலுள்ள ஸயனைட் விஷத்தின் அம்சமும் கலந்திருக்கும். அதனைப் பள்ளத்தில் தேங்கவிடின், புளித்துத் துர்நாற்றம் வீசுவதோடு, பூமிக்குள் இறங்கிக் கிணறுகளையும் கெடுக்கும். அக்கிணறுகளுள் ஆலைக்காரரின் சொந்தக் கிணறும் ஒன்றென்பது மறக்கத்தக்கதன்று.

இதற்குப் பரிகாரம் உண்டு. அந்நீரைக் காற்றுப் புகாத மூடிய தொட்டியில் நிறுத்தினால், நுண்ணுயிர்கள் அதிலுள்ள சத்தைச் சிதைத்து, மீதேன் கலந்த எரிவாயுவை உண்டாக்கும். அவ்வாயுவால் எஞ்சினை ஓட்டி மின்சாரம் பெறலாம். ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பையும் எரிக்கலாம். திப்பியை உலர்த்திக் கால்நடைத் தீவனமாக விற்கலாம். தொட்டியினின்று வெளிவரும் நீரை மேலும் சுத்திகரித்து, பரீட்சித்த பின்னரே வயலுக்கு விடவேண்டும்.

குடும்பங்களில் இதற்குத் தடையாய் நிற்பது பெரும்பாலும் பங்குக் கணக்கேயாகும். தொட்டிக்குப் போடும் முதல் இவ்வருஷமே எல்லோருடைய பங்கிலும் குறையும். விறகிலும் மின்சாரத்திலும் மிச்சமாவதோ பின்வரும் வருஷங்களில்தான் சேரும். ஆகையால் அம்மிச்சத்தைத் தனிக் கணக்கில் எழுதி, வருஷ முடிவில் பங்காளிகள் அனைவருக்கும் காட்டுதல் நலம். ஆலையைப் பிள்ளைகளுக்கு வைத்துச் செல்ல விரும்புவோர், கிணற்றையும் குடிக்கத்தக்கதாகவே வைத்துச் செல்லவேண்டும்.