மரம் வளர்த்த ராமையா

வேப்பங்கொட்டை தரையில் கிடக்கும். நாம் மிதித்துப் போவோம். ராமையா மிதிக்க மாட்டார். குனிந்து பொறுக்குவார். பையில் போட்டுக்கொள்வார்.

அவர் ஊர் ரெட்டிப்பள்ளி. தெலங்கானாவில் கம்மம் பக்கம் உள்ளது. முழுப் பெயர் தரிபள்ளி ராமையா. அவருடைய அம்மா அடுத்த விதைப்புக்கு விதை எடுத்து வைப்பார். சிறுவன் ராமையா அதைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பழக்கம் வந்தது.

கோடையில் விதை சேர்த்தார். மழை வந்ததும் சைக்கிளில் கிளம்பினார். சாலை ஓரம், கால்வாய்க் கரை, காலி இடம் எங்கும் நட்டார். மனைவி ஜானம்மாவும் கூட உழைத்தார். "இவருக்குப் பைத்தியமா?" என்று சிலர் கேலி பேசினர். ராமையா விடவில்லை. அவர் நட்டவை ஒரு கோடிக்கு மேல் என்கிறார்கள். மக்கள் அவரை 'வனஜீவி' என்று அழைத்தனர். 2017இல் அரசு பத்மஸ்ரீ விருது தந்தது.

2022இல் ஒரு மோட்டார் சைக்கிள் அவர்மீது மோதியது. காயம் பட்டது. ஆனாலும் அவர் வழக்கு வேண்டாம் என்றார். மோதியவரை 100 மரக்கன்று நடச் சொன்னால் போதும் என்றார்.

2025 ஏப்ரல் 12 அன்று ராமையா காலமானார். அவர் வளர்த்த மரங்கள் நிழல் தருகின்றன.

பேசுவோம்:
1. ராமையா ஏன் வழக்கு வேண்டாம் என்றார்?
2. நம் வடமாலபேட்டையில் நிழல் இல்லாத இடம் எது? அங்கே என்ன மரம் நடலாம்? யார் தண்ணீர் ஊற்றுவது?