கைக்குப் பாரமில்லாத செயின் சோ

கேள்வி: மூட்டுவாதத்தால் விரல்களில் பலம் குறைந்துவிட்டது. வளவில் பூவரசு, முருங்கைக் கொப்புகள் வெட்ட எந்தச் செயின் சோ வாங்கலாம்?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அம்மா, பெற்றோல் செயின் சோ வேண்டாம். நான்கைந்து கிலோ பாரம். கயிற்றை இழுத்து இயக்குவதே விரல்களை வருத்தும். 6 அங்குல அலகும் இரண்டு கைப்பிடியும் உள்ள பற்றரி வாள் போதும். கடையில் பற்றரியைப் பூட்டியபின் தூக்கிப் பாருங்கள். பூட்டுப் பொத்தானை அழுத்தியபடி விசையைப் பிடிக்க விரல் இடம்கொடுக்காவிட்டால், எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

அலகின் நுனி கொப்பில் பட்டால் வாள் உங்கள் பக்கம் துள்ளும், நுனியால் அறுக்காதீர்கள். தோளுக்கு மேலே உயர்த்தவும் வேண்டாம். தடித்த கிளைக்கு ஆள் பிடியுங்கள்.

செயின் சோவைப் பதிவு செய்யும் நடைமுறை 2019இல் வந்தது. வாங்குமுன் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.