48 இலக்கச் சாவி

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் அதற்கான மைக்ரோசாஃப்ட் கணக்கை நீங்களே திறங்கள். உங்கள் மின்னஞ்சல், உங்கள் செல்போன் எண். கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் அவரைத் திறக்க விடாதீர்கள். ரேம் எவ்வளவு, பிராசஸர் எது என்பதையெல்லாம் ஆளாளுக்குச் சொன்னார்கள். இதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடியும் என்று அறிவித்திருந்தார்கள். என் பழைய கம்ப்யூட்டரில் 11 ஏறாது. அதனால் கோவையில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினேன். பழைய ஃபைல்களை மாற்றியது, தமிழ்த் தட்டச்சு போட்டது எல்லாம் எல்லோரும் செய்வதுதான். மாருத் முதல் தேஜஸ் வரை நம் போர் விமானங்களைப் பற்றி நான் எழுதிவரும் புத்தகத்தின் புதிய அத்தியாயங்கள் அதில்தான் வளர்ந்தன.

கடைப் பையன் லேப்டாப்பைத் தயார் செய்தபோது கடையின் மின்னஞ்சலைப் போட்டே கணக்கைத் திறந்திருக்கிறான். "அப்புறம் மாத்திக்கலாம் சார்" என்றான். அதன் பொருள் என்ன என்று சொல்லவில்லை. நான் சொல்கிறேன். இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கைப் பூட்டிக்கொள்கிறது. அந்தப் பூட்டுக்கு 48 இலக்கச் சாவி ஒன்று உண்டு. முதலில் யாருடைய கணக்கில் நுழைகிறோமோ, அந்தக் கணக்கில் போய் அது உட்கார்ந்துகொள்ளும். நாள்தோறும் பின் எண்ணைப் போட்டுத் திறக்கிறவரைக்கும் அப்படி ஒரு பூட்டு இருப்பதே தெரியாது.

ஃபேன் சத்தம் போடுகிறது என்று அதே கடைக்குக் கொண்டுபோனேன். கேட்காமலேயே பயாஸையும் அப்டேட் செய்தார்கள். அதற்குமுன் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும். செய்யவில்லை. திரை நீலமாகி 48 இலக்கத்தைக் கேட்டது. கணக்கைத் திறந்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். ஓடிபி போகும் எண் அவனுடையது, அது இப்போது உபயோகத்தில் இல்லை. முதலாளி என்னிடம் சொன்னது இது: "ஃபார்மட் பண்ணித் தரேன் சார், காசு வேண்டாம்." எழுதியதை அழித்துத் தருவதை ஓர் உதவியாக நினைக்கிறவரிடம் என்ன பேச? டேட்டா மீட்கும் இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். டிஸ்க் கெட்டிருந்தால்கூட முயலலாம், சாவி இல்லாத பூட்டை ஒன்றும் செய்ய முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்கள். நகல் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். பழையதெல்லாம் தனி டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. போனது புதிய அத்தியாயங்கள்.

அவற்றுள் ஒன்று, சாவி யார் கையில் இருக்கிறது என்ற இதே விஷயத்தைத்தான் பேசியது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. தேஜஸ் வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்கப்பட்ட விமானம். சட்டென்று திரும்பும் வேகம் அதிலிருந்துதான் வருகிறது. கணினி நொடிக்கு நொடி இறக்கைப் பரப்புகளைத் திருத்தாவிட்டால் அது வானில் நிற்காது. அந்தக் கட்டுப்பாட்டு மென்பொருளை நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். 1998 பொக்ரான் அணுச் சோதனையை அடுத்து அமெரிக்கத் தடை வந்தது. அவர்களை வெளியே அனுப்பினார்கள், கருவிகளைக் கொடுக்கவில்லை. பெங்களூருக்குத் திரும்பி வந்து தாங்களே எழுதி முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று தேஜஸ் பறந்தது. சாவி நம்மிடம் இருந்ததால் பறந்தது.

என் நண்பர் ஒருவர், எப்போது பேச்சு வந்தாலும், அமெரிக்காவின் எஃப்-35 வாங்கிவிட்டால் தீர்ந்தது என்பார். 2025 நவம்பரில் துபாய் கண்காட்சியில் தேஜஸ் விழுந்து விமானி இறந்த மறுநாளே எனக்குப் போன் போட்டு, "உங்க தேஜஸைப் பார்த்தீங்களா?" என்றார். தேஜஸின் 45ஆம் ஸ்குவாட்ரன் 2018இல் கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது முதல் அந்தச் சத்தத்தைக் கேட்டு அண்ணாந்து பார்க்கிற ஊர் எங்களுடையது. அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். மென்பொருள் தயாராகாததால் 2023 ஜூலை முதல் ஓராண்டு காலம் புதிய எஃப்-35களை அமெரிக்க ராணுவமே வாங்காமல் நிறுத்திவைத்தது. 2007இல் அவர்களுடைய எஃப்-22 விமானங்கள் சர்வதேசத் தேதிக்கோட்டைக் கடந்ததும் அவற்றின் வழிகாட்டும் கணினிகள் செயலிழந்தன. எரிபொருள் விமானங்களைப் பின்தொடர்ந்துதான் ஹவாய்க்குத் திரும்பின. செய்தவர்கள் அவர்களே என்பதால் உடனே சரிசெய்துகொண்டார்கள். விலைக்கு வாங்கியவன் யாரிடம் போய் நிற்பான்?

தேஜஸிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். எஞ்சின் இன்னும் அமெரிக்காவின் ஜி.இ. எஃப்-404தான். 2021இல் 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டோம். அவற்றுக்கான 99 எஞ்சின்களில் முதலாவது வந்தது 2025 மார்ச்சில். விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 ஸ்குவாட்ரன்கள். மிக்-21 விடைபெற்ற 2025 செப்டம்பரில் மிஞ்சியவை 29. இப்படிப்பட்ட தாமதத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. 1961இல் பறந்த மாருத்தும் தகுந்த எஞ்சின் கிடைக்காமல்தான் கடைசிவரை திணறியது. அப்போதே பாடம் கற்றிருக்க வேண்டும். நாமே எஞ்சின் செய்யத் தொடங்கிய காவேரி திட்டத்துக்குக் கொடுத்த பணம் வீண் என்று எழுதுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. கொடுத்தது போதாது என்பதே என் கருத்து.

உங்கள் லேப்டாப்புக்கு வருகிறேன். அது இப்போது ஒழுங்காக ஓடுகிறதா? அப்படியானால் இன்றைக்கே அமைப்புகளுக்குள் போய், எந்த மின்னஞ்சலில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். வேறு யாருடையதாகவாவது இருந்தால், ஃபைல்களை வெளியே நகலெடுத்துக்கொண்டு கணக்கை மாற்றுங்கள். பிறகு உங்கள் கணக்கில் நுழைந்து, சாவி அங்கே வந்திருக்கிறதா என்று பார்த்து, 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு கடைக்காரருக்குப் பணம் கொடுங்கள்.