நெருப்பைத் தொங்கவிடுவதா? – ஆங்கில மரபுத்தொடர்கள்

இந்த மாத மொழிப் பாடத்தை நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

மூன்றாம் ஆண்டில் ஒரு தொழிற்சாலைக்குத் தொழிற்பயிற்சிக்குப் போயிருந்தேன். எஃகுத் துண்டுகளை இயந்திரத்தில் மாட்டி, அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்க்கும் சோதனை என் பொறுப்பு. ஒருநாள் காலையில் மேற்பார்வையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: ‘ஹேங் ஃபயர் ஆன் தி டெஸ்ட்.’ ஃபயர் என்றால் நெருப்பு. நெருப்பு என்றால் அவசரம். அப்படித்தான் நினைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் ஆறு துண்டுகளையும் இழுத்து அறுத்துவிட்டேன்.

பக்கத்து மேசை அக்கா அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். “தம்பி, ஹேங் ஃபயர்னா ‘இப்ப செய்யாதே, கொஞ்சம் பொறு’ன்னு அர்த்தம்!”

அறுந்த துண்டுகளை ஒட்ட முடியாது. புதிய துண்டுகள் வர ஒரு வாரம் ஆனது. பொருள் தெரியாதது பெரிய குற்றமில்லை. கேட்க வெட்கப்பட்டேன் பாருங்கள், அதுதான் தவறு. ‘தமிழ்ப்பள்ளியில படிச்சவன், இங்கிலீஷ் வராது’ என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

நமக்குப் பழகியதுதான்

உண்மையில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. மரபுத்தொடர் என்று மனப்பாடம் செய்தோமே! ‘கரைத்துக் குடித்தான்’ என்றால் யாரும் தண்ணீர் தேடுவதில்லை. ‘கம்பி நீட்டினான்’ என்றால் கையில் கம்பி இருக்காது. மலாயிலும் அப்படித்தான். ‘மாக்கான் ஆங்கின்’ என்றால் காற்றைச் சாப்பிடுவதல்ல, ஊர் சுற்றப் போவது. ‘காக்கி ஆயாம்’ என்றால் கோழிக்கால் அல்ல, செருப்பில்லாத கால்.

என்னைக் கவிழ்த்த ‘ஹேங் ஃபயர்’ துப்பாக்கியிலிருந்து வந்தது. விசையை இழுத்த பிறகும் மருந்து உடனே பற்றாமல் தாமதிப்பதை அப்படிச் சொன்னார்கள். அதனால் அதற்குத் தாமதி, பொறு என்று பொருள் வந்தது. நம் தமிழில் இதற்கு ‘ஆறப்போடு’ என்கிறோம். அங்கே நெருப்பு, இங்கே சூடு. வழி வேறு, பொருள் ஒன்று.

வேலையிடத்தில் அடிக்கடி கேட்பவை

1. கட் கார்னர்ஸ்: சொல்படி மூலைகளை வெட்டுவது. பொருள், காசையோ நேரத்தையோ மிச்சம் பிடிக்க, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. பாதுகாப்பு விஷயத்தில் இப்படிச் செய்யாதே என்று அடிக்கடி சொல்வார்கள்.

2. பால்பார்க் ஃபிகர்: பால்பார்க் என்பது அமெரிக்கர்களின் பேஸ்பால் திடல். பொருள், தோராயக் கணக்கு. இதைக் கேட்டால் மூன்று தசம இடம் வரை கணக்குப் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள்.

3. லெட் ஆஃப் ஸ்டீம்: நீராவி இயந்திரத்தில் அழுத்தம் கூடினால் வால்வு வழியாக ஆவியை வெளியே விடுவார்கள். பொருள், மனத்தில் அடைத்து வைத்த கோபத்தைக் கொட்டித் தீர்ப்பது.

4. பேக் டு தி டிராயிங் போர்ட்: திட்டம் தோற்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. 1941-இல் நியூயார்க்கர் இதழில் பீட்டர் ஆர்னோ வரைந்த கேலிச்சித்திரம் இதைப் பிரபலமாக்கியது. விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்கும். அதை வடிவமைத்தவர் வரைபடச் சுருளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாக நடந்து போவார்.

5. டேபிள்: இதில்தான் ரொம்ப கவனம் வேண்டும். பிரிட்டிஷ் வழக்கில் ஒன்றை விவாதத்துக்கு முன்வைப்பது. நம் நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டை ‘டேபிள்’ செய்வது இந்தப் பொருளில்தான். அமெரிக்க வழக்கில் நேர் எதிர்: விவாதத்தைத் தள்ளிப்போடுவது. அமெரிக்க நிறுவனத்தோடு கூட்டம் என்றால் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

எப்படிச் சமாளிப்பது?

முதலில், நேர்ப்பொருள் அந்த இடத்தில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். சோதனையில் ஏது நெருப்பு? அந்தக் கேள்வியிலேயே நான் நின்றிருக்க வேண்டும்.

அடுத்து, புரிந்ததை உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்லுங்கள். “அப்படின்னா இன்னைக்கே செய்யணுமா?” என்று ஒரு வரி கேட்டிருந்தால் ஆறு துண்டும் பிழைத்திருக்கும்.

மூன்றாவது, தமிழ் மரபுத்தொடரை அப்படியே ஆங்கிலத்தில் போடாதீர்கள். ‘எனக்கே காது குத்துறியா?’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிச் சொன்னால், கேட்பவர் நகைக்கடைக்கு வழி காட்டுவார்!

பயிற்சி: ‘கால் இட் எ டே’, ‘ரெட் டேப்’, ‘இன் ஹாட் வாட்டர்’. இந்த மூன்றுக்கும் பொருள் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் இணையான தமிழ்த்தொடர் ஒன்றைத் தேடுங்கள். அடுத்த மன்றக் கூட்டத்தில் தம்பி தங்கைகளோடு சேர்ந்து பேசுங்கள்.

தெரியவில்லை என்றால் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். நான் கேட்காமல் விட்டதற்கு ஒரு வாரம் ஆனது.